குமரப்பாவின் கணக்கேடும் கம்பம் பள்ளத்தாக்கும்

தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மை பேசுகிறவர்கள் ஜே.சி.குமரப்பாவை முன்னோடியாக வணங்குகிறார்கள். புலி, குரங்கு, கூடு கட்டும் பறவை, தேனீ, குஞ்சைப் பேணும் தாய்ப்பறவை என்று அவர் படிப்படியாக அடுக்கிக் காட்டிய ஐந்து பொருளாதாரங்களும் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகின்றன. வணக்கத்தில் குறையில்லை. அவர் சொன்னதில் எது இன்றும் நிற்கும், எது நிற்காது என்று பிரித்துப் பார்க்கும் வேலைதான் தமிழில் போதிய அளவு நடக்கவில்லை.

அந்த வேலைக்குக் கம்பம் பள்ளத்தாக்கை உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன். குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைத் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். அன்றைய மதுரை மாவட்டத்தில் கல்லுப்பட்டியும் இந்தப் பள்ளத்தாக்கின் கூடலூரும் சேர்ந்தே இருந்தன. தேனி தனி மாவட்டமானது 1996இல்தான். அருகாமை மட்டும் காரணமல்ல. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீர், பந்தலில் காய்க்கும் பன்னீர் திராட்சை, விடியுமுன் ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகள், மேகமலைப் புலிகள் காப்பகம், பொட்டிப்புரத்து நியூட்ரினோ சர்ச்சை ஆகிய எல்லாம் இந்த ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றியே இருக்கின்றன. அறிவியல், ஆன்மிகம், சமூக அக்கறை மூன்றையும் ஒரே நூலில் கட்ட முயன்ற ஒருவரை எடைபோட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

குமரப்பா தொழிலால் கணக்குத் தணிக்கையாளர். இதை மறந்துவிட்டு அவரைப் படித்தால் பாதி விளங்காது. 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் தணிக்கை பயின்று, பம்பாயில் தொழில் நடத்தி, பிறகு அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் படித்தார். கொலம்பியாவில் செலிக்மன் என்ற பொதுநிதி அறிஞரிடம் படித்தபோது, பிரிட்டிஷ் ஆட்சியின் நிதி நிர்வாகத்தையும் இந்தியாவின் வறுமையையும் இணைத்து ஆராய்ந்தார். அந்த ஆய்வுதான் 1929 மே மாதம் அவரைச் சபர்மதியில் காந்தியிடம் கொண்டுசேர்த்தது. காந்தி அவரை குஜராத்தின் மாதர் வட்டத்துக் கிராமங்களைக் கணக்கெடுக்க அனுப்பினார். 1934இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது குமரப்பா அதன் செயலாளரானார். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு, கைக்குத்தல் அரிசி, வெல்லம், காகிதம், எருக்குழி என்று வார்தாவின் மகன்வாடியில் நடந்த சோதனைகள் எல்லாம் அந்தச் சங்கத்தின் வேலைகள்.

1942க்குப் பிந்தைய சிறைவாசத்தில் அவர் எழுதிய இரண்டு நூல்கள் 1945இல் வெளிவந்தன. ஒன்று இயேசுவின் வாழ்க்கையையும் போதனையையும் பற்றியது. மற்றது 'நிலைத்த பொருளாதாரம்'. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். சமய நூலும் பொருளாதார நூலும் ஒரே சிறையில், ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதால் ஒன்றின் வேர் மற்றதிலும் ஓடுகிறது. அவருடைய வலிமையும் பலவீனமும் அந்த வேரில்தான் இருக்கின்றன.

முதலில் வலிமையைப் பார்ப்போம். குமரப்பா இயற்கை வளங்களை இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், கனிமம் போன்றவை இருப்பு. எடுத்தால் குறையும், மீண்டும் நிறையாது. மழை, ஆற்றுநீர், பயிர், வளர்கிற மரம் போன்றவை ஓட்டம். அளவோடு எடுத்தால் ஆண்டுதோறும் கிடைக்கும். இருப்பைத் தின்று வாழ்கிற பொருளாதாரம் நிலைக்காது, இருப்புக்கான போட்டியே போருக்கும் காரணம் என்றார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எழுதியது இது. சுற்றுச்சூழல் என்ற சொல் அரசியலுக்குள் நுழைய இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. முதலைச் செலவழித்துவிட்டு அதை வருமானம் என்று எழுதுகிறவனைத் தணிக்கையாளர் விடமாட்டார். குமரப்பா அந்த விதியை நாட்டுக்கும் நிலத்துக்கும் பொருத்தினார், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்பதில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு இருக்கிறது.

இந்தக் கணக்கைப் பள்ளத்தாக்கில் போட்டுப் பார்த்தால் எதிர்பாராத ஒரு விடை கிடைக்கிறது.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்துக்குப் பின், 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதி, பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் கட்டி 1895இல் முடிக்கப்பட்டது முல்லைப் பெரியாறு அணை. மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்பில் இறங்குகிறது. கூடலூரிலிருந்து கீழே கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்கு அதுவே உயிர். அணையில் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் ஜூன் முதல் தேதியில் திறப்பார்கள். பெய்யாவிட்டால் முதல் போகமே தள்ளிப்போகும். இத்தனை பிரம்மாண்டமான இந்த ஏற்பாடு குமரப்பாவின் ஏட்டில் எங்கே வரும்? ஓட்டத்தில்தான் வரும். ஆண்டு மழையில் நிறைந்து, ஆண்டு வயலில் செலவாகிறது. இருப்பில் கைவைக்கவில்லை.

வயலை விட்டு மேட்டுக்கு ஏறினால் கணக்கு மாறுகிறது. அங்கே திராட்சைத் தோட்டமும் வாழைத் தோட்டமும் போரை, அதாவது ஆழ்துளைக் கிணற்றை, நம்பி நிற்கின்றன. போட்டவர் கையால் இயக்கும் சிறு மோட்டார், சொந்த நிலம், குடும்ப உழைப்பு என்று பார்வைக்கு எல்லாம் சிறியவை. ஆனால் மழை இட்டு நிரப்புவதைவிட அதிகமாக இறைக்கிற ஒவ்வொரு போரும் இருப்பைத் தின்கிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். கரன்டுக்குக் கட்டணம் இல்லை, நிலத்தடி நீருக்கு விலையும் இல்லை. இரண்டு செலவையும் எழுதாத ஏட்டில் வரும் லாபம் உண்மையான லாபமல்ல. விவசாயியைக் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. கடன் வாங்கிப் போர் போட்டு, தண்ணீர் கிடைக்காமல் மீண்டும் கடன் வாங்குகிறவர் அவர்தான். முதல் கரைவதன் வலி முதலில் அவர் வீட்டுக்குத்தான் வருகிறது.

ஆக, குமரப்பாவின் கணக்கில் பேரணை தேறுகிறது, சிறு போர் தேறவில்லை. பொருளியலாளர் இ.எஃப்.ஷூமாக்கர் 1973இல் வெளியிட்ட 'சிறியதே அழகு' நூலில் குமரப்பாவை மேற்கோள் காட்டிய பிறகு, அவரைச் சிறுமையின் தத்துவவாதி என்றே உலகம் படிக்கிறது. அந்த வாசிப்பு தவறு. அவருடைய நூலில் உள்ள உண்மையான அளவுகோல் முதல் கரைகிறதா இல்லையா என்பதே; அளவு பெரியதா சிறியதா என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி. பொதுப்பயன்பாட்டு அமைப்புகளும் அடிப்படைத் தொழில்களும் லாபநோக்கில்லாமல் அரசின் கையில் இருக்கலாம் என்று அவரே இடம்விட்டிருந்தார். அதே சமயம் தன்னிறைவுக் கிராமம் என்ற அவருடைய கனவு இந்தப் பள்ளத்தாக்கின் முன்னால் தடுமாறுவதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தன்னிறைவுக் கிராமங்கள் எத்தனை சேர்ந்தாலும் முல்லைப் பெரியாறைக் கட்டியிருக்க முடியாது. பஞ்சத்தில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருபோகம் விளைவித்தது வேறொரு மாநிலத்தின் மழையால், நீண்ட தூரத்து ஒப்பந்தத்தால். தேனி மாவட்டத்தில் பென்னிகுவிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றியைத் தன்னிறைவுத் தத்துவத்தால் விளக்க முடியாது.

உரத்திலும் இதே கணக்குதான். ரசாயன உரம் மண்ணுக்குப் போதைப் பொருள் மாதிரி, தற்காலிகமாகத் தூண்டிவிட்டுப் பிறகு வலுவிழக்கச் செய்யும் என்ற ரீதியில் குமரப்பா வாதிட்டார். தாவர அறிவியல் இதில் பாதியைத்தான் ஏற்கும். பயிரின் வேர் உறிஞ்சுகிற நைட்ரேட் சாணத்திலிருந்து வந்ததா யூரியாவிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. மண்ணில் மட்கு குறைந்தால் நீர் தாங்கும் திறனும் நுண்ணுயிரும் குறையும் என்பது மட்டும் மெய். வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் வளர்த்தெடுத்த எருமுறையின் பலமும் அங்கேதான். போதை என்ற உவமையை விட்டுவிட்டுக் கணக்கேட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் குமரப்பா இன்னும் வலுவாக நிற்கிறார். யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து பிறக்கிறது; அதாவது இருப்பிலிருந்து. இன்றைய உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேர் செயற்கை நைட்ரஜன் இல்லாமல் உண்ண முடியாது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதுகிற ஏடுதான் நேர்மையான ஏடு.

பன்னீர் திராட்சை இதற்கு நல்ல சான்று. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் பெரிய பகை. அதற்கு அடிக்கிற பழைய மருந்து போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும். பல நாடுகளின் இயற்கை வேளாண்மை விதிகளே இதை ஓரளவு அனுமதிக்கின்றன. ஆனால் மயில்துத்தத்தில் உள்ள செம்பு மண்ணில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். 'இயற்கை', 'ரசாயனம்' என்ற இரண்டு பெட்டிகளில் எதில் போட்டாலும் இந்த உண்மை விழாது. எது சேர்கிறது, எது கரைகிறது என்று கேட்கிற தணிக்கையாளரின் கேள்வியில் மட்டுமே விழும். குமரப்பாவின் வழிவந்தவர்கள் தூய்மை பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்திருந்தால் திராட்சை விவசாயியோடு இன்னும் பயனுள்ள உரையாடல் நடந்திருக்கும்.

கைக்குத்தல் அரிசி விஷயத்தில் அவர் முழுமையாகச் சரி. ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு தயமின் போய்விடுகிறது, அதனால் பெரிபெரி வருகிறது என்பது அவர் காலத்திலேயே நிறுவப்பட்டிருந்தது. அவர் அந்த அறிவியலை எடுத்துக் கிராமத்து வேலைவாய்ப்போடு இணைத்தார். மாற்று அறிவியல் என்று சொல்லத்தக்க சிறந்த செயல் அது: ஆய்வகத்தின் முடிவை மறுக்காமல், ஆய்வகம் கேட்க மறந்த கேள்வியைக் கேட்பது.

இனி பலவீனம். அது அந்த ஐந்து படிகளில் இருக்கிறது. கொன்று தின்னும் புலி ஒட்டுண்ணிப் பொருளாதாரம், கீழ்ப்படி. மாமரத்துக்கு ஒன்றும் செய்யாமல் பழத்தைத் தின்னும் குரங்கு கொள்ளைப் பொருளாதாரம். தன் உழைப்பால் கூடு கட்டும் பறவை முயற்சிப் பொருளாதாரம். கூட்டுக்காகத் தேன் சேர்க்கும் தேனீ கூட்டுப் பொருளாதாரம். கைம்மாறு கருதாத தாய்ப்பறவை சேவைப் பொருளாதாரம், உச்சிப்படி. மனிதன் படியேறி உச்சிக்குப் போவதே நாகரிகம், இயற்கையே அந்த வழியைக் காட்டுகிறது என்கிறார் குமரப்பா.

மேகமலைக்கு மேலே போய் இதைச் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் அங்கே திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வைகை பிறக்கும் காடுகள் அதில் அடங்குகின்றன. புலி உலவுகிற காட்டில் மேய்ச்சல் மான்கள் அளவோடு இருக்கும், இளங்கன்றுகள் மரமாகும், மரங்கள் நின்றால் ஓடை வற்றாது. கீழ்ப்படியில் தள்ளப்பட்ட விலங்கின் பெயரால்தான் இன்று நீர்ப்பிடிப்பு காக்கப்படுகிறது. மேகமலைச் சோலைகளில் சிங்கவால் குரங்கு வாழ்கிறது. அது தின்று எறிகிற பழத்தின் விதையாலும் காடு பரவுகிறது. தேனீயும் பறவையும் தியாகத்தால் அப்படி வாழவில்லை. ஏலப்பூவில் மகரந்தச் சேர்க்கை நடத்துவது தேனீயின் நோக்கமும் இல்லை. இயற்கையில் பாவமும் புண்ணியமும் இல்லை. குமரப்பா தம் வேதத்திலும் காந்தியிலும் கண்ட அறத்தைக் காட்டின்மீது எழுதிவிட்டு, காடே அதைச் சொன்னதாகப் படித்தார்.

மனித நடத்தையை வகைப்படுத்தும் உருவகமாக அந்தப் படிகளை ஏற்கலாமே என்று கேட்கலாம். ஏற்கலாம். ஆனால் அவர் அதை உருவகமாக நிறுத்தவில்லை, இயற்கை விதியாக முன்வைத்தார். அறத்துக்கு இயற்கை விதியின் சான்றிதழ் தேவைப்பட்டது அந்தக் காலத்தின் நோய். குமரப்பாவுக்கு மட்டும் வந்த நோய் அல்ல.

அதே ஆண்டுகளில், குமரப்பாவுக்கு வெகுதொலைவில், ஸ்வீடனில் சில பெண்கள் கிட்டத்தட்ட அதே சிந்தனையில் இருந்தார்கள். 1921இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பெண்களில் ஒருவரான எலிசபெத் தாம், ஃபோகெல்ஸ்டாட் என்ற ஊரில் தம் பண்ணையை நடத்தினார். அங்கே 1925 முதல் 1954 வரை பெண்களுக்கான குடிமைப் பள்ளி ஒன்று இயங்கியது. அவரும் எழுத்தாளர் எலின் வேக்னரும் சேர்ந்து 1940இல் மண்ணோடு சமாதானம் வேண்டி ஒரு நூல் எழுதினார்கள். மறு ஆண்டு வேக்னர் தனியே எழுதிய 'விழிப்பு மணி' என்ற பொருள்படும் நூல், மண்ணைச் சுரண்டுவதையும் போரையும் பெண்ணை ஒதுக்குவதையும் ஒரே நோயின் மூன்று முகங்களாகக் கண்டது. ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய எச்சரிக்கை அது. ஆனால் வேக்னரும் தம் அறத்துக்கு ஓர் அறிவியல் துணை தேடினார். தொல்காலத்தில் தாயுரிமைச் சமூகம் இருந்தது என்ற பாஹோஃபனின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருதுகோளைப் பிடித்துக்கொண்டார். பிற்கால மானுடவியல் அதை ஏற்கவில்லை. மண்ணைப் பற்றியும் போரைப் பற்றியும் அவர் சொன்னது அதனால் பொய்யாகிவிடவில்லை. அவரைப் புறந்தள்ள நினைத்தவர்களுக்கு மட்டும் ஒரு சாக்கு கிடைத்தது.

குமரப்பாவுக்கும் அதுவே நேர்ந்தது. நேருவின் திட்டக்குழுக் காலத்தில் அவரை எளிதாக ஒதுக்க முடிந்ததற்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. கணக்கேட்டோடு உபதேசத்தையும் அவர் ஒன்றாகக் கட்டிக்கொடுத்தது ஒதுக்குகிறவர்களின் வேலையை எளிதாக்கியது.

இந்தப் பழக்கம் நம் பள்ளத்தாக்கில் இன்றும் தொடர்கிறது. போடிக்கு அருகே பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்புக் கருவியோடு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் நடந்தன, 2022இல் தமிழ்நாடு அரசு திட்டத்தை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் சில உறுதியானவை: மலையைக் குடைய வெடி வைப்பது, வறண்ட ஊரில் தண்ணீர்ப் பங்கு, மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவின் அருகாமை, ஊராரின் மேய்ச்சலும் வழிபாடும், அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு. இவற்றோடு நியூட்ரினோவே கதிர்வீச்சாக வந்து மக்களைத் தாக்கும் என்ற பேச்சும் பரவியது. சூரியனிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் கடந்து போகின்றன, ஒன்றும் ஆவதில்லை. விஞ்ஞானிகள் இந்தப் பொய்யை மறுப்பதிலேயே தங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தார்கள்; தண்ணீரையும் ஒப்புதலையும் பற்றிய கேள்விகள் பதிலின்றிப் பின்னால் தள்ளப்பட்டன. நியாயமான கோரிக்கைக்குப் பொய்யான அறிவியலைக் காவலுக்கு நிறுத்தினால் கடைசியில் கோரிக்கைதான் இழிவுபடும். ஊரார் ஒப்புதல் இல்லாமல் மலையைத் தொடக்கூடாது என்பதற்கு எந்த அறிவியல் சான்றிதழும் தேவையில்லை.

குமரப்பாவின் ஆன்மிகத்துக்கு வருகிறேன். உழைப்பு பற்றி அவர் எழுதியவை அவருடைய பக்கங்களில் அழகானவை. உடலுக்கு உணவு எப்படியோ, மனிதனின் உயர்ந்த ஆற்றல்களுக்கு உழைப்பு அப்படி என்பது அவர் கருத்து. வேலையில் சலிப்பூட்டும் பகுதியும் படைப்பின்பம் தரும் பகுதியும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்க வேண்டும். சலிப்பை ஒருவர் தலையிலும் இன்பத்தை இன்னொருவர் கையிலும் கொடுப்பதே சுரண்டல் என்றார். ஷூமாக்கர் மயங்கியது இந்த இடத்தில்தான். சர்ச்சுக்குப் போகிற பக்தியாகத் தம் சமயத்தை வைத்துக்கொள்ளாமல் உழைக்கிறவனின் தட்டுவரை கொண்டுவந்த மனிதர் அவர். இதை நான் முழுமனதோடு மதிக்கிறேன்.

ஆனால் அதிகாலை நான்கு மணிக்குக் கம்பத்திலும் போடியிலும் பாருங்கள். தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்பில் நெருக்கி ஏறி, கம்பம் மெட்டு வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். மருந்தடித்த செடிகளுக்கிடையே குனிந்து நாள் முழுக்கக் காய் எடுத்துவிட்டு இருட்டும்போது திரும்புகிறார்கள். வந்த பிறகு அடுப்படி. மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து இறந்தவர்கள் உண்டு. இவர்களிடம் உழைப்பு ஆன்மாவின் உணவு என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. முதலில் கூலி, பாதுகாப்பான வண்டி, மருந்தின் விஷத்திலிருந்து காப்பு. குமரப்பாவின் உச்சிப்படியில் இருப்பது கைம்மாறு கருதாத தாய். அந்தத் தாயின் உழைப்புக்கு யார் கணக்கெழுதுவது என்று ஃபோகெல்ஸ்டாட் பெண்கள் கேட்டிருப்பார்கள். தணிக்கையாளரான குமரப்பா கேட்கவில்லை. எல்லாச் செலவையும் எழுதியவர் வீட்டுக்குள் நடக்கிற உழைப்பைச் சேவை என்று பெயரிட்டு ஏட்டுக்கு வெளியே வைத்துவிட்டார். அவருடைய கணக்கில் எனக்குத் தெரியும் மிகப்பெரிய விடுபடல் இதுதான்.

அடுத்தது சாதி. குமரப்பா கிராமத்தை நகரம் சுரண்டுகிற இடமாகப் பார்த்தார், அது உண்மை. கிராமம் தன்னையே சுரண்டுகிற இடமும்தான் என்பது 'நிலைத்த பொருளாதார'த்தின் கட்டமைப்புக்குள் வரவில்லை. அவருடைய நூல் வந்து மூன்றே ஆண்டுகளில், 1948 நவம்பர் 4 அன்று, அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அரசியலமைப்பின் அடித்தளமாக ஏற்க மறுத்து உறுதியாகப் பேசினார். கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு இந்த வாதத்தில் அம்பேத்கர் பக்கமே சாட்சி சொல்கிறது. 1989இல் போடியில் மூண்ட சாதிக் கலவரத்தை நகரச் சுரண்டலாலோ யந்திரத்தாலோ விளக்க முடியாது. தேனீக்கூட்டை உதாரணம் காட்டி ஒற்றுமையைப் போதித்தால் சேரிக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள தெரு மறைந்துவிடாது.

பயிர்த் திட்டமும் சிக்கலானது. ஒரு லட்சம் பேருக்குச் சத்துள்ள உணவு வேண்டுமானால் எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் என்று அவர் போட்டுக் காட்டிய அட்டவணை அருமையானது. ஊட்டச்சத்தையும் நிலத்தையும் அப்படிச் சேர்த்து யோசித்தவர்கள் அன்று குறைவு. ஆனால் அதை நிறைவேற்ற, எந்த நிலத்தில் எந்தப் பயிர் என்று உரிமம் வழங்க வேண்டும் என்றார். பணப்பயிர் மீது அவருக்கிருந்த சந்தேகம் நியாயம்தான். என்றாலும் ஓர் ஏக்கர் திராட்சையை நம்பிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிற, பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டிக்காரரிடம் கேழ்வரகுதான் போட வேண்டும் என்று உரிமக்காரர் உத்தரவிட்டால், பரவலாக்கம் பேசிய தத்துவம் தாலுகா அலுவலகத்தின் ஆணையாக மாறிவிடும். மேலிருந்து வரும் தூய்மை என்ன செய்யும் என்பதை இலங்கை காட்டிவிட்டது. 2021 மே மாதம் அங்கே ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே ஆணையில் தடை போட்டார்கள். நெல் விளைச்சல் சரிந்து, அரிசி இறக்குமதி செய்ய வேண்டிவந்தது. நவம்பரிலேயே தடையைத் தளர்த்தினார்கள். மண்ணைக் காக்கும் நோக்கம் தவறில்லை; விவசாயியைக் கேளாமல், மாற்று எரு தயாராகாமல், ஒரே பருவத்தில் செய்ததுதான் தவறு.

இத்தனை குறைகளையும் சொன்ன பிறகு, அவற்றில் பலவற்றுக்கு குமரப்பாவே பதில் எழுதியிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பதில் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஓர் ஆவணத்தில் இருக்கிறது. விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவர். 1949இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. இடைத்தரகரை நீக்கு, உழுகிறவனுக்கே நிலம், விதவை, சிறுவர், உடல் ஊனமுற்றோர் தவிர வேறு எவரும் நிலத்தைக் குத்தகைக்கு விடக்கூடாது, ஆறு ஆண்டு தொடர்ந்து உழுத குத்தகைதாரருக்கு முழு உரிமை, ஒரு குடும்பம் கண்ணியமாக வாழத் தேவையான அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் எவருக்கும் நிலம் இருக்கலாகாது. இது உபதேசம் அல்ல. யாரிடமிருந்து எடுத்து யாரிடம் கொடுப்பது என்று பெயர் சொல்லிப் பேசுகிறது. தாய்ப்பறவையையும் தேனீயையும் நம்பாமல் சட்டத்தை நம்புகிறது. ஊருக்குள்ளேயே சுரண்டுகிறவர் உண்டு, அவரைச் சட்டத்தால்தான் நிறுத்த முடியும் என்று ஒப்புக்கொள்கிறது. தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது 1961இல், 30 தர ஏக்கர் என்று; 1970இல் 15 தர ஏக்கராகக் குறைந்தது. அதைச் செயல்படுத்தியதில் இருந்த ஓட்டைகளை இங்கே விரிக்க இடமில்லை. குமரப்பாவின் குழு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இதைவிடத் தெளிவாக எழுதியிருந்தது என்பது போதும்.

என் தீர்ப்பு இது. குமரப்பாவின் இருப்பு, ஓட்டக் கணக்கு எந்தத் திருத்தமும் இல்லாமல் இன்றைக்கும் செல்லும். தேனி மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றி முடிவெடுக்கிற எந்த அலுவலரும் அதைக் கற்றாக வேண்டும். ஐந்து படிகளை அறிவியல் என்ற தகுதியிலிருந்து இறக்கிவிட வேண்டும். நீதிக்கதையாகப் பள்ளிக்கூடத்தில் இருக்கலாம். உழைப்பைப் பற்றிய அவருடைய ஆன்மிகத்தை, நிலமும் கூலியும் உறுதியான பிறகு பேசுவதே நேர்மை. அவருடைய ஆக்கங்களில் எதை முதலில் வைப்பது என்று கேட்டால், எல்லோரும் மேற்கோள் காட்டுகிற 1945 நூலுக்கு மேலே, படிப்பாரற்றுக் கிடக்கிற 1949 அறிக்கையை வைப்பேன். குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில் மறைந்தார். அவர் பெயரில் கூடுகிறவர்கள் அடுத்த கூட்டத்தில் அந்த அறிக்கையை எடுத்து வாசியுங்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களும் வந்து உட்காரக்கூடிய நேரத்தில் அந்தக் கூட்டத்தை வையுங்கள்.